நேர்க்கோடு வளைந்து தெரிந்தால்: விழித்திரைக்கு அடியில் கசியும் ரத்தக்குழாய்கள், ஒரு வழிகாட்டி

வலை பின்னிக்கொண்டிருப்பவர் ஒரு நாள், "கண்ணியெல்லாம் ஏன் கோணிக்கிட்டுத் தெரியுது?" என்று கேட்பார். "வயசாச்சுல்ல, புரை விழுந்திருக்கும். தடைக்காலம் வரட்டும், மதுரைக்குப் போய்க் காட்டிக்கலாம்" என்று வீட்டில் பதில் வரும். அந்தப் பதிலில்தான் கண் போகிறது.

புரை பார்வையை மங்க வைக்கும், கோட்டை வளைக்காது. புரைக்கு மீன்பிடித் தடைக்காலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம், பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. நேராக இருக்கும் ஜன்னல் கம்பி நெளிந்து தெரிகிறது என்றால் விஷயம் வேறு. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை (ஊரில் 'கண் நரம்பு' என்பார்கள், டாக்டர்கள் ரெட்டினா என்பார்கள்) தன் இடத்தில் மேடுதட்டியிருக்கிறது. அப்படி மேடுதட்ட வைக்கும் காரணங்களில் மோசமானது, விழித்திரைக்கு அடியில் முளைக்கக் கூடாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவது. டாக்டர்கள் 'சி.என்.வி.' என்று சொல்லும் அதன் பெயரை முதல்முறையாகக் கேட்டுவிட்டு, எங்கே போவது, எதை எடுத்துப் போவது, கண்ணுக்குள்ளேயே ஊசியா என்று திகைத்து நிற்பவர்களுக்காக இது.

அடியில் நடப்பது என்ன

விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாகுலா என்று பெயர். எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் வருபவர் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. விழித்திரைக்கு அடியில் நிறமி அணுக்கள் ஒரு வரிசை, அதற்கும் அடியில் புரூக் சவ்வு என்னும் மெல்லிய தளம், அதற்குக் கீழே கோராய்டு என்னும் ரத்தக்குழாய் அடுக்கு. மேலே இருப்பதற்குச் சாப்பாடு போடுவது கோராய்டு. இடையில் இருக்கும் தளம் உறுதியாக இருக்கும்வரை சிக்கல் இல்லை.

வயதாலோ வேறு காரணத்தாலோ அந்தத் தளம் விரிசல் விட்டால், கோராய்டிலிருந்து புதுக்குழாய்கள் மேலே ஏறுகின்றன. சீமைக்கருவேல வேர் சிமெண்டுத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வருவது மாதிரிதான். ஆனால் வேருக்கு உள்ள பலம் இந்தக் குழாய்களுக்குக் கிடையாது. சுவர் நைந்தவை. நீர் கசியும், கொழுப்பு படியும், சில நேரம் உடைந்து ரத்தமே கொட்டும். அவற்றை வளரச் சொல்லித் தூண்டுவது வி.இ.ஜி.எஃப். என்னும் புரதம். இப்போது போடப்படும் ஊசிகள் எல்லாம் அந்தப் புரதத்தைத்தான் மடக்குகின்றன. டாக்டர் சீட்டில் 'சி.என்.வி.' என்று எழுதியிருந்தால் இந்தக் குழாய் முளைப்பைத்தான் சொல்கிறார்.

மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கசிந்த இடம் தழும்பாக மாறிவிடும். ஊசி கசிவை நிறுத்தும், தழும்பைக் கரைக்காது. இந்த வைத்தியத்தில் அவசரம் என்பது இதனால்தான்.

யாருக்கு வருகிறது

பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. வயது சார்ந்த மாகுலா சிதைவின் 'ஈர வகை' என்று இதைச் சொல்வார்கள். உலர் வகை மெல்ல மெல்ல வருடக்கணக்கில் தேய்க்கும். ஈர வகை வாரக்கணக்கில் பார்வையை வாரிக்கொண்டு போகும். உலர் வகை இருப்பவருக்கு ஒரு நாள் ஈர வகை தொடங்கலாம் என்பதால் அவர்களும் வீட்டுச் சோதனையை விடக் கூடாது. புகைப்பவர்களுக்கும் குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பீடியும் இதில் அடக்கம். 'சிகரெட் இல்லை, பீடிதான்' என்பது கண்ணுக்குச் சமாதானம் ஆகாது.

நம்மைப் போன்ற ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு வகை பி.சி.வி. இதில் குழாயின் நுனி சிறு கொப்புளமாக உப்பும். உப்பியது உடைந்தால் ஒரே ராத்திரியில் நடுப்பார்வையில் கறுப்புத் திட்டு விழும்.

இளையவர்களுக்கும் வரும். மைனஸ் 6-க்கு மேல் கண்ணாடி போடுபவர்களுக்குக் கண் நீண்டுபோய் அடித்தளம் இழுபட்டுக் கிழிவதுண்டு. இருபத்தைந்து வயதுப் பிள்ளை "எழுத்து நெளியுது" என்றால் செல்போனைக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கு மாதங்கள் கழித்தும், கண்ணுக்குள் அழற்சி வந்து போனவர்களுக்கும் இது வரலாம்.

சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு வேறு. அங்கே கெடுவது விழித்திரைக்கு உள்ளேயே ஓடும் குழாய்கள். மருந்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். அதேபோல் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வேலை செய்பவர்களுக்குக் கருவிழி ஓரத்தில் வளரும் சதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சதை கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். இந்த நோயில் கண் வெளியே பளிச்சென்று இருக்கும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, நீர் வடியாது. ஒரு கண்ணில் வந்தால் மறு கண் அந்தக் குறையை மூடி மறைத்துவிடும். அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள்.

முதல் வேலை: ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

இதற்குச் சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் உண்டாக்கிய கட்டத்தாள் போதும். கடையில் தேட வேண்டாம். வெள்ளைத் தாளில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று போடுங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக 5 மி.மீ. இடைவெளியில் கறுப்பு மையால் கோடு இழுங்கள். இருபதுக்கு இருபது, மொத்தம் 400 கட்டம் வரும். நடுவில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. தாள் தொய்ந்தால் கோடும் தொய்யும், ஆகவே ஒரு அட்டையில் ஒட்டிவிடுங்கள். ஸ்கேல் இல்லாமல் கையால் இழுத்த கோடு இதற்கு ஆகாது.

1. படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் அட்டையைக் கண்ணிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் தூரத்தில், அதாவது 30 செ.மீ.யில் பிடியுங்கள்.
2. இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் அந்தக் கண் சற்று நேரத்துக்கு மங்கிவிடும், அடுத்து அதைச் சோதிக்கும்போது தப்பான முடிவு வரும்.
3. வலது கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். கோட்டைத் தேடிக் கண்ணை ஓட்டாதீர்கள். புள்ளியைப் பார்த்தபடியே, நான்கு மூலையும் தெரிகிறதா, எந்தக் கோடாவது நெளிகிறதா, எங்காவது கட்டம் அழிந்தோ நிழல் விழுந்தோ இருக்கிறதா என்று மனத்தால் கவனியுங்கள்.
4. வித்தியாசம் தெரிந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, எந்தக் கண், என்ன தேதி என்று எழுதுங்கள்.
5. கண்ணை மாற்றித் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டு கண்ணும் திறந்து பார்ப்பது வீண். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, வீட்டில் நினைவிருக்கும் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். நோய் ஏற்கெனவே ஒரு கண்ணில் இருந்தால் தினமும் காலையில் பாருங்கள். கட்டத்தாள் கையில் இல்லாத நேரத்தில் ஜன்னல் கம்பி, டைல்ஸ் இணைப்பு, கதவு நிலை, கடலும் வானமும் சேரும் கோடு எதுவானாலும் உதவும். கட்டத்தாளில் எல்லாம் சரியாக இருந்தும் பார்வை குறைந்ததாகத் தோன்றினால் தாளை நம்பாமல் டாக்டரை நம்புங்கள். ஆரம்பக் கசிவு இந்தச் சோதனையில் தப்பிவிடுவதுண்டு.

எங்கே, எவ்வளவு சீக்கிரம்

புதிதாகக் கோடு வளைந்தால் ஒரு வாரத்துக்குள். திடீரென்று நடுவில் கறுப்புத் திட்டு விழுந்தால் மறுநாளே. மாகுலாவுக்கு அடியில் பெரிய ரத்தக்கசிவு இருந்தால், கண்ணுக்குள் வாயு செலுத்தி ரத்தத்தை நடுவிலிருந்து தள்ளும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. அது ரத்தம் புதிதாக இருக்கும் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பலன் தரும்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. அங்கே ஏறக்குறைய எப்போதும் புதுக் கண்ணாடிதான் கிடைக்கும். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ கண் முகாமிலோ காட்டலாம், ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ரெட்டினா டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுப்பீர்களா?" விழித்திரைக்கென்று தனிப் பிரிவும் ஸ்கேனும் ஊசி அறையும் ஒரே இடத்தில் இருக்கும் பெரிய கண் மருத்துவமனைகளுக்கு ராமநாதபுரம் கடற்கரையில் உள்ளவர்கள் பெரும்பாலும் மதுரைக்கே போகிறார்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது, அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவும் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து சாலையில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தீவுக்காரர்கள் மறுபடி ரயிலிலேயே போய்வர முடிகிறது.

துணைக்கு ஒருவர் கட்டாயம். முதல் நாளில் கண்ணில் சொட்டு விட்டுக் கண்மணியை விரிப்பார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெயில் கண்ணைக் குத்தும். பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி வரும் எண்ணமே வேண்டாம். கறுப்புக் கண்ணாடி அல்லது தொப்பி ஒன்று பையில் இருக்கட்டும். பழைய கண் சீட்டுகள், இப்போது போடும் கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை (பெயர் எழுதிய தாள் அல்ல, அட்டையே), ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, பென்சில் வட்டம் போட்ட அந்தக் கட்டத்தாள். காலைச் சாப்பாட்டையும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சோதனைகள்

முதலில் பார்வை அளவு. 6/60 என்று எழுதினால், நல்ல பார்வை உள்ளவருக்கு 60 மீட்டரில் தெரியும் எழுத்து உங்களுக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது என்று பொருள். ஒவ்வொரு தடவையும் இந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்தது ஓ.சி.டி. ஸ்கேன். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் விளக்கைப் பார்த்தால் போதும். சில நிமிடத்தில் முடியும், ஊசியோ வலியோ இல்லை. வெளியே வரும் படத்தை டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பிடிபடும். விழித்திரை பக்கவாட்டில் வெட்டிய அடுக்கு மாதிரி தெரியும். நல்ல கண்ணில் நடுவே ஒரு வழவழப்பான பள்ளம் இருக்கும், அடியில் ஒரு பளிச்சென்ற வெள்ளைக் கோடு சமமாக ஓடும். நோயுள்ள கண்ணில் அந்தப் பள்ளம் தூர்ந்து மேடாகியிருக்கும். வெள்ளைக் கோடு ஒரு இடத்தில் குமிழாக எழும்பியிருக்கும். அதற்கு மேலே தெரியும் கறுப்புக் குட்டை நீர். கறுப்பு என்றால் நீர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஊசி வேலை செய்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஓரத்தில் மைக்ரான் கணக்கில் நடுப்பகுதியின் தடிமன் போட்டிருக்கும். மெஷினைப் பொறுத்து மாறினாலும் நல்ல கண்ணில் 250-ஐ ஒட்டி இருக்கும். ஒரே மருத்துவமனையில் ஒரே மெஷினில் எடுத்ததைத்தான் ஒப்பிட வேண்டும்.

சிலருக்குச் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். கை நரம்பில் ஃப்ளூரசின் என்னும் மஞ்சள் சாயம் போகும். சிலருக்கு ஒரு நிமிடம் குமட்டும். சில மணி நேரம் தோல் மஞ்சளிக்கும், ஒரு நாள் வரை சிறுநீர் ஆழ்ந்த மஞ்சளாகப் போகும். மஞ்சள் காமாலை என்று பயப்பட வேண்டாம். பி.சி.வி. சந்தேகம் இருந்தால் ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயமும் தேவைப்படலாம். அதில் அயோடின் கலந்திருப்பதால், "மீன் இறால் ஒத்துக்காதவர்களுக்கு அயோடினும் ஒத்துக்காது" என்று ஒரு பேச்சு கிளம்பும். இறால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. ஆனாலும் எந்த ஒவ்வாமை இருந்தாலும் நர்ஸிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், கடந்த சில மாதங்களில் வந்த மாரடைப்பு, பக்கவாதம் இவற்றையும் மறைக்காதீர்கள். மருந்தைப் போடலாமா, எப்போது போடலாம் என்பதே அதைப் பொறுத்து மாறும்.

ஊசி அன்று

கண்ணுக்குள் ஊசி என்றதும் பாதிப்பேர் பஸ் ஏறத் தயங்குகிறார்கள். நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும்.

முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். அன்று கண்ணுக்கு மை, சுருமா, முகத்தில் மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். கண் சிவந்து பீளை கட்டியிருந்தால், இமையில் கட்டி இருந்தால், பல்லிலோ காலிலோ சீழ்ப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தள்ளிப்போடுவார்கள், அது நல்லதுதான். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை இந்த ஊசிக்காக நீங்களாக நிறுத்தக் கூடாது.

மேஜையில் படுக்க வைத்து மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள். இமையையும் கண்ணையும் போவிடோன் அயோடினால் கழுவுவார்கள். உண்மையில் எரிவது இதுதான், ஊசி அல்ல. ஆனால் தொற்று வராமல் காப்பாற்றுவதும் இதுதான், ஆகவே பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். இமை மூடாமல் ஒரு சின்னக் கம்பிக் கவ்வி வைப்பார்கள். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி வெள்ளைப் பகுதியில் அளந்து குறி போடுவார்கள். அந்த இடத்தில் விழித்திரையும் இல்லை, லென்ஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதுகாப்பான இடைவெளி. "ஒரு பக்கமாகப் பாருங்கள்" என்பார்கள். மயிரிழை மாதிரி ஊசி, உள்ளே போகும் மருந்து 0.05 மில்லி, ஏறத்தாழ ஒரு சொட்டு. ஒரு அழுத்தம் தெரியும், முடிந்துவிடும். தலையைத் திருப்பாமல், பேசாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. இருமல் வந்தால் முன்கூட்டிக் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். முடிந்ததும் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள்.

அன்று மாலை மணல் விழுந்த மாதிரி உறுத்தும். வெள்ளைப் பகுதியில் ரத்தத் திட்டு தெரியலாம், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே மறையும். பார்வையில் உருண்டையாகக் கறுப்புக் குமிழ் மிதந்தால் அது ஊசியோடு போன காற்று, ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

ஒரு வாரத்துக்குக் கண்ணில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அது). கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் இறங்குபவர்கள், அக்னி தீர்த்தத்தில் முழுகுபவர்கள், உப்பளத்தில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு வாரம் கடல் இல்லை. படகில் கூடப் போய், இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்கும் தொழிலுக்கும் போக வேண்டாம். நீருக்குப் பயந்து மட்டும் அல்ல. கீழே சொல்லப்போகும் அறிகுறி நடுக்கடலில் வந்தால் கரை சேர்வதற்குள் கண் போய்விடும்.

இது வந்தால் காத்திராதீர்கள்

ஊசி போட்ட சில நாட்களில், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, பார்வை முந்தின நாளைவிட மங்குவது, கண் முழுதும் சிவப்பது, இமை வீங்குவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது. இது கண்ணுக்குள் கிருமித் தொற்று. ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றிரண்டில்தான் வரும், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்னும். மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போட்டு ஒரு ராத்திரி பார்ப்போம் என்பது இங்கே செய்யவே கூடாத தப்பு. மருத்துவமனையின் இரவு எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருங்கள், கூப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கண்ணில் மின்னல் வெட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது மாதிரி தெரிவதும் அன்றைக்கே காட்ட வேண்டியவை, விழித்திரை கிழிந்திருக்கலாம்.

ரத்தத் திட்டு மட்டும், வலியில்லாமல், பார்வை குறையாமல் இருந்தால் பதற வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் வலியும் பார்வையும்தான்.

ஒரு ஊசியோடு முடியாது

இதைத்தான் யாரும் முதலில் சரியாகச் சொல்வதில்லை, கேட்பவரும் காதில் வாங்குவதில்லை. நீர் கசியும் வள்ளத்தில் தண்ணீரை ஒரு தடவை இறைத்துவிட்டு உட்கார முடியாது. மருந்தின் பலன் பொதுவாக நான்கு வாரத்திலிருந்து சில மாதம் வரை. தீர்ந்ததும் குழாய்கள் மறுபடி கசியத் தொடங்கும்.

வழக்கமான முறை, முதலில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி. பிறகு ஸ்கேனில் நீர் வற்றியிருந்தால் இடைவெளியை இரண்டிரண்டு வாரமாக நீட்டுவார்கள்: ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. எங்கே நீர் திரும்பத் தெரிகிறதோ அங்கிருந்து ஒரு படி குறைத்து, அந்த இடைவெளியிலேயே நிறுத்துவார்கள். உங்கள் கண் பத்து வாரம் தாங்கும், பக்கத்து வீட்டுக்காரர் கண் ஆறு வாரம்தான் தாங்கும், ஒப்பிட ஒன்றுமில்லை. மைனஸ் பவர் அதிகமானவர்களுக்கு வரும் வகையில் ஒன்றிரண்டு ஊசியிலேயே அடங்கிவிடுவது சகஜம், அதன்பின் கண்காணிப்பு போதும்.

தவறுவது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் ஊசிக்கு நடுவில். ஒருவருக்குப் பார்வை கொஞ்சம் தெளிந்திருக்கும், "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று விடுவார். இன்னொருவருக்குத் தெளிந்திருக்காது, "ஊசி போட்டும் பிரயோஜனமில்லை" என்று விடுவார். இரண்டு பேரும் ஒரே தழும்பில்தான் போய் நிற்பார்கள். இருக்கும் பார்வை குறையாமல் நிற்பதே இந்த வைத்தியத்தில் வெற்றி; கூடினால் அது லாபம். அடுத்த தேதியை அந்த மருத்துவமனைக் கவுண்டரிலேயே வாங்கிவிட்டு, காலண்டரில் வட்டமிடுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு வைத்தியத்தை ஒதுக்குவது புரைக்கு ஆகும், இதற்கு ஆகாது. புயல் எச்சரிக்கையோ திருவிழாவோ தேதியில் மோதினால் பிந்திப் போவதைவிட முந்திப் போவது மேல். போன் செய்து கேட்டால் மாற்றித் தருவார்கள்.

பி.சி.வி.க்கு ஊசியோடு, வெர்டிபோர்பின் என்ற மருந்தை ரத்தத்தில் ஏற்றி அதன்மேல் ஒளி பாய்ச்சும் வைத்தியத்தையும் சேர்ப்பதுண்டு. அது முடிந்து ஐந்து நாள் வெயில் தோலில் படக் கூடாது. நம் கடற்கரை வெயிலில் இது சின்ன விஷயமல்ல: முழுக்கை, குடை, வீட்டுக்குள் இருப்பு. படகில் ஐஸ் ஏற்றும் வேலைக்குக்கூடப் போகக் கூடாது.

எந்த மருந்து, எவ்வளவு செலவு

பெவாசிசுமாப் (அவாஸ்டின்), ரானிபிசுமாப் (அக்சென்ட்ரிக்ஸ்), அஃப்லிபெர்செப்ட் (ஐலியா), ஃபாரிசிமாப். இவைதான் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். விலை ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும். அவாஸ்டின் புற்றுநோய்க்காக வந்த மருந்து; கண்ணுக்கென்று கம்பெனி பதிவு செய்யாதது. ஆனாலும் 2011-ல் வெளியான சி.ஏ.டி.டி. என்ற அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் அது ரானிபிசுமாப்புக்குச் சமமாகவே பார்வையைக் காத்தது. ஒரு பெரிய குப்பியிலிருந்து பல சிரிஞ்சுகளாகப் பிரித்துப் போடுவதால், பிரிக்கும் இடம் சுத்தமில்லை என்றால் தொற்று வரும். "எங்கே, எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தப்பில்லை. ரானிபிசுமாப்பின் இந்தியப் பிரதி மருந்து ரேசுமாப் 2015-லேயே வந்துவிட்டது, அதுபோல் வேறு பிரதிகளும் இருக்கின்றன.

எங்கள் யோசனை: விலை கூடின மருந்தை ஒன்று போட்டுவிட்டுக் காசில்லாமல் நிறுத்துவதைவிட, தாங்கக்கூடிய மருந்தைத் தேதி தவறாமல் போடுவது கண்ணுக்கு நல்லது. முதல் நாளிலேயே ஒரு வருடக் கணக்கைக் கேளுங்கள்: ஊசி, ஸ்கேன், போக்குவரத்து, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் உங்கள் ஊசி அதில் சேருமா என்று ஊசிக்கு முன்னால் கேளுங்கள், பின்னால் அல்ல.

செய்யக் கூடாதவையும் செய்ய அவசியமில்லாதவையும்

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், தேன். கண்ணுக்கு மேலே விடும் எதுவும் விழித்திரைக்கு அடியில் உள்ள குழாயைத் தொடாது. ஊசி போட்ட கண்ணில் விட்டால் கிருமியைக் கையில் எடுத்துக் கொடுத்ததாகும்.

கண் வைட்டமின் மாத்திரைகள் நிறைய விற்கின்றன. 2013-ல் முடிவு வெளியான ஏ.ஆர்.இ.டி.எஸ்.-2 ஆய்வின் கலவை இது: வைட்டமின் சி 500 மி.கி., இ 400 அலகு, துத்தநாகம் 80 மி.கி., செம்பு 2 மி.கி., லூட்டின் 10 மி.கி., ஜியாசாந்தின் 2 மி.கி. இடைநிலையில் உள்ள உலர் வகை முற்றாமல் தள்ளிப்போட உதவும், ஒரு கண்ணில் முற்றிவிட்டால் மறு கண்ணுக்கும் உதவும். கசியும் கண்ணை உலர்த்தாது. அட்டையில் பீட்டா கரோட்டின் என்று இருந்தால், புகைப்பவர்களும் புகைப்பதை நிறுத்தியவர்களும் தொடக் கூடாது. நுரையீரல் புற்று ஆபத்தைக் கூட்டும். முருங்கைக் கீரையும் மத்தி மீனும் சாப்பிடுங்கள், நல்லதுதான். அதை வைத்தியம் என்று எண்ணிக்கொண்டு ஊசியை விடாதீர்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவுக்குப் போய்வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் மருந்து ஊசிக்குப் பிறகு விமானப் பயணத்துக்குத் தடை எதுவும் பொதுவாக இல்லை, டாக்டர் சொன்னதும் போகலாம். ஆனால் ரத்தத்தைத் தள்ளக் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுக்கக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை விமானம் ஏறவே கூடாது, கொடைக்கானலும் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வை போய்விடும். லீவு முடிகிறதே என்று டிக்கெட் எடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

நடுப்பார்வை போய்விட்டவர்களுக்கு

இந்த நோய் மாகுலாவைத்தான் கெடுக்கும், ஓரப்பார்வை நிற்கும். வீட்டுக்குள் நடக்க, கிணற்றடிக்குப் போக, தட்டில் சோறு எடுத்துச் சாப்பிடப் பெரும்பாலும் முடியும். முகம் தெரியாது, பஸ் போர்டு தெரியாது, ரூபாய் நோட்டு பிரித்தறியச் சிரமம். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு என்று தனியாக இருக்கும். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, ஓரக்கண்ணால் பார்க்கப் பழக்குவது எல்லாம் அங்கேதான். இரண்டு கண்ணும் பாதித்து, குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று தந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில், மாத்திரை டப்பாவுக்குக் கறுப்பு மூடியும் கண்சொட்டுக்கு வெள்ளை மூடியும் என்று நிறம் பிரித்து வையுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது; நிறத் தட்டுக்கு மாறுங்கள். படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு.

சிலருக்குப் பார்வை போன இடத்தில் பூக்கோலம், சின்னச் சின்ன மனிதர்கள், சுவர்க்கட்டங்கள் என்று இல்லாதது தெரியும். 1760-லேயே சார்ல்ஸ் பொன்னே என்பவர் தன் தாத்தாவுக்கு நடந்ததைப் பார்த்து இதை எழுதி வைத்திருக்கிறார். விழித்திரையிலிருந்து சேதி வராத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்வதால் வருவது. பேயும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை. தெரிவது நிஜமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும், ஆனால் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டுப் பெரியவரிடம் நீங்களாகவே கேளுங்கள். அப்படித் தெரியும்போது விளக்கைப் போட்டு, நாலைந்து தடவை கண்ணை இடதும் வலதுமாக ஓட்டச் சொன்னால் பலருக்குக் கலைந்துவிடும்.